பக்கம் தெரிகிறது

மூன்று பெட்டிகள் வந்திருந்தன,
பஞ்சுக்குள் பொதிந்த மூன்று குழல்கள்.
'கார்பைனுக்கு எது பொருந்துமென்று பார்,
காரணம் எழுதி வெள்ளிக்குள் அனுப்பு'
என்றார் இன்ஸ்பெக்டர் அர்த்தனாரி.
ஆயுதக் கிடங்கின் சாவி
பதினோரு வருடமாய் என் இடுப்பில்.
ஸ்பிரிங் ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரியும்.
கண்ணாடிதான் புதுசு.

செவ்வாய், காலை ஆறரை.
ஜருகுமலை அடிவாரச் சுடுதளம்.
வடக்கே சேர்வராயன் மலைக்கு
இடுப்புக்கு மேல் உடம்பில்லை, மேகம்.

முதல் குழல் எதையும் பெரிதாக்காது.
எரியும் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவே.
எனக்கோ அது புள்ளியாய் இல்லை.
சுவரில் நசுக்கிய மூட்டைப்பூச்சி,
மேலே ஒரு வால், இடப்பக்கம் இரண்டு.
வெளிச்சத்தைக் குறைத்தேன்,
வால் குறுகியது, போகவில்லை.
துடைத்தேன். ஊதினேன். மறுபடி துடைத்தேன்.
படிவத்தில் எழுதினேன்:
பழுது. திருப்பி அனுப்பவும்.

இரண்டாவது, ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை.
கார்பைன் மேல் அதை ஏற்றினால்
ஆட்டுக்குட்டி முதுகில் அரிசி மூட்டை.
ஆறில் வைத்தேன்.
அட்டையில் அடித்த ஆணி தெரிந்தது,
ஆணியின் துரு தெரிந்தது,
என் நாடி துடிப்பதும் தெரிந்தது:
துடிப்புக்கொரு தரம் அட்டை துள்ளியது.
எதற்கு இவ்வளவு?
ஒன்பது எம்.எம். குண்டு
ஐம்பது மீட்டரில் சொன்ன பேச்சு கேட்கும்,
நூறில் தலை குனியும்,
அதற்கப்பால் அதை நம்பி
எவனும் கடன் கொடுக்க மாட்டான்.
போகாத ஊருக்கு
இந்தக் குழல் ஏன் வழி காட்ட வேண்டும்?

மூன்றாவதை எடுக்குமுன்
மாதேஷ் முதல் குழலில் கண் வைத்தான்.
'உருண்டையாத்தானே இருக்கு அக்கா,
குண்டுமணி கணக்கா.'
இருபத்து நான்கு வயசு. கோபம் வந்தது.
அவன் எதுவும் சொல்லாமல்
செல்போனைக் குழலோடு ஒட்டிப் படமெடுத்தான்.
திரையில் சிவப்பு.
வாலில்லை.
குண்டுமணியேதான்.

அன்றிரவு ஐந்து ரோட்டில் நின்றேன்.
பைக் விளக்குகள், பஸ் விளக்குகள், சிக்னல்
எல்லாவற்றுக்கும் அதே வால்:
மேலே ஒன்று, இடப்பக்கம் இரண்டு.
எத்தனை வருடமாய் ஊருக்கே
வால் வரைந்துகொண்டிருந்தேனோ.

'கருவிழி கொஞ்சம் கோணல்,
உருண்டையாய் இல்லாமல் முட்டை மாதிரி,
கொஞ்சம்தான்' என்றார் கண் டாக்டர்.
கொஞ்சத்தை அவர்
ஐம்பது மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்ததில்லை.

வியாழன், மூன்றாவது குழல்.
ஒன்றிலிருந்து நான்கு வரை. கைக்கு அடக்கம்.
கோடுகள் கண்ணாடியிலேயே கீறியவை,
பேட்டரி செத்தாலும் சாகாதவை.
கண்ணோர வளையத்தைச் சற்றே திருகியதும்
கருப்பாய், கூராய், வாலில்லாமல் நின்றன.
நான்கில் ஐந்து சுட்டேன்,
உள்ளங்கைக்குள் ஐந்தும் விழுந்தன.
சரி, ஒன்றிலும் பார்ப்போமென்று
வளையத்தைத் திருப்பி
இரண்டு கண்ணையும் திறந்து வைத்தேன்.

அட்டை தெரிந்தது.
பக்கத்து அட்டை தெரிந்தது.
மண்மேட்டின் மீது
சிவப்புக் கொடியைச் சட்டை செய்யாமல்
மேய்ந்தபடி ஒரு வெள்ளாடு,
அதன் பின்னால் கையில் தொரட்டியோடு
ஒருத்தி.

விரலை வெளியே எடுத்தேன்.
மாதேஷ் விசில் ஊதி ஓடினான்.
அவள் ஆட்டைத்தான் திட்டினாள்.
நான்கிலேயே இருந்திருந்தால் என்று
மூன்று தரம் நினைத்துவிட்டு
தோட்டாக்களை இறக்கி
எண்ணி வைத்தேன். எண்ணிக்கை தப்பியது.
மறுபடி எண்ணினேன்.

முதல் படிவத்தில் 'பழுது' என்பதை அடித்து
'கருவி நன்று' என்று திருத்தினேன்.
பழுது யாருடையது என்று எழுத
கட்டம் இல்லை.
மூன்றாவதற்குக் காரணம் கேட்டு இரண்டு வரி இருந்தது:
எடை குறைவு. கோடு அழியாது.
ஒன்றில் வைத்தால் பக்கம் தெரிகிறது.

அர்த்தனாரி கடைசி வரியைப்
பென்சிலால் வட்டமிட்டார்.
'இது ஒரு காரணமாம்மா?'
'ஆமாங்க சார்.'
பேனாவைத் திறந்தார்,
மூடினார்,
ஜன்னல் வழியே கொஞ்சநேரம்
மைதானத்தைப் பார்த்தார்.